பனிக்குப் பயப்படும் தைலமரம்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், கெடார்)

தைலமரம் தெரியாதவர் நம் கல்லூரியில் யாராவது உண்டா? விழுப்புரத்திலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே எங்காவது ஒரு தைலமரத் தோப்பு வந்துவிடும். எங்கள் கெடார் பக்கம் மல்லாட்டை போட்டுக் கட்டுப்படியாகாத மேட்டு நிலத்தில் தைலமரக் கன்றை நட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்து வெட்டி லாரியில் ஏற்றினால் பேப்பர் மில்லுக்குப் போகும். மிச்சம் மீதி விறகு, பந்தல்கால். வெட்டிய கட்டை மறுபடியும் தானே துளிர்த்துக்கொள்ளும். அதற்குப் பூ உண்டா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். (உண்டு. உச்சியில், வெள்ளையாக, சின்னதாக. தேனீக்களைக் கேட்டால் சொல்லும்.)

ஆனால் செக்கச் செவேலென்று, தலை நிறையக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் தைலமரம் ஒன்று இருக்கிறது. குன்னூரில் ஒரு வீட்டு வேலியோரம் அதை முதலில் பார்த்தபோது மே ஃபிளவர் மரம் என்றுதான் நினைத்தேன். கீழே கிடந்த காயை எடுத்துப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நம் ஊர்த் தைலமரக் காய் போலவே மேலே வாய் திறந்த மரக் கிண்ணம். நம்முடையது மிளகு அளவு. இது 3 சென்டிமீட்டர் இருந்தது, கைப்பிடி இல்லாத குட்டி ஜாடி மாதிரி. "இதுவும் தைலமரந்தாண்டா தம்பி. இதாலதான் எனக்குத் தலைவலியே" என்றார் கூட வந்த சித்தப்பா.

கெடாரில் பிறந்து வளர்ந்தவன் குளிர்ப் பிரதேச மரத்தைப் பற்றி எழுத வந்த கதை அந்தத் தலைவலியில்தான் ஆரம்பம். என் சித்தப்பா ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிறார். பங்களா முதலாளிக்கு அந்தச் சிவப்புப் பூ மரம் தன் தோட்டத்திலும் வேண்டும் என்று ஆசை. நாற்றுப் பண்ணையிலிருந்து செடி வாங்கிக் கொடுத்தார். முதல் வருடம் நட்டவை டிசம்பரில் கருகிப் போயின. அடுத்த வருடம் நட்ட நாலு செடிகளும் ஜனவரியில் கருகின. "உனக்குச் செடி வளர்க்கவே தெரியலை" என்று இரண்டாம் தடவை செடிக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருடமாக மண்ணில் கை வைத்திருக்கிற மனுஷனுக்குக் காசு போனதைவிட அந்த வார்த்தைதான் வலித்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு 2023 லீவில் நான் அங்கே போனபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: "குன்னூரும் குளிருதான், இங்கயும் குளிருதான். அங்க ஆள் உசரத்துக்கு மேல நிக்குது. இங்க ஏன் சாவுது?"

எனக்கு அப்போது பதில் தெரியாது. பதில் முழுக்க நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பது பாலிடெக்னிக் வந்த பிறகுதான் புரிந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் பூவைப் பற்றிக் கொஞ்சம். தைலமரப் பூவுக்கு நாம் பார்க்கிற மாதிரி இதழ் கிடையாது. மொட்டின் தலையில் குல்லாய் போல ஒரு மூடி இருக்கும். பூக்கும் நாளில் மூடி கழன்று விழும், உள்ளே சுருண்டு கிடந்த மகரந்தக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் பிரிந்து நிற்கும். நாம் பார்க்கும் சிவப்பு முழுக்க அந்தக் கம்பிகளின் சிவப்பு. 'யூகலிப்டஸ்' என்ற பெயரே 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கேப்டன் குக்கின் மூன்றாவது கடல் பயணத்தின்போது 1777-ல் டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் பறித்த ஒரு கிளையைப் பார்த்து, லெரிட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1788-ல் வைத்த பெயர்.

நம் சிவப்புப் பூ மரத்துக்கு 1860-ல் பெயர் வைத்தவர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர். இலை அத்தி இலையை ஞாபகப்படுத்துகிறது என்று 'யூகலிப்டஸ் ஃபிசிஃபோலியா' என்றார். 1995-ல் ஹில், ஜான்சன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதையும் இதன் உறவுக்கார மரங்களையும் பிரித்து 'கோரிம்பியா' என்ற தனிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே இன்றைய சரியான பெயர் கோரிம்பியா ஃபிசிஃபோலியா. நாற்றுப் பண்ணைகளில் பழைய பெயரும் வழக்கத்தில் இருக்கிறது. பெயர் எதுவானால் என்ன, குணம் ஒன்றுதான்.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? இம்மரத்தின் சொந்த ஊர் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடிக் கடற்கரை. வால்போல் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு சிறிய வட்டாரத்தில் மட்டுமே காட்டு மரமாக இருக்கிறது. மணல் கலந்த, சத்து குறைந்த நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. பக்கத்தில் கடல் இருப்பதால் வெயிலும் எல்லை மீறாது, குளிரும் எல்லை மீறாது. கடுமையான உறைபனி என்றால் என்னவென்றே தெரியாமல் லட்சக்கணக்கான வருடம் வாழ்ந்த ஜாதி இது. அதே ஆஸ்திரேலியாவில் மலை உச்சியில் பனிக்கட்டிக்குள் நிற்கிற தைலமரமும் உண்டு. பனிமரம் என்றே அதைச் சொல்கிறார்கள். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழேயும் பிழைக்கும். ஆனால் அதன் பூ வெள்ளை. பூ அழகாக இருக்கிற ஜாதிகள் பலவும் உறைபனி அதிகம் தெரியாத பக்கத்திலிருந்து வந்தவை என்பதுதான் குளிர் நாட்டுத் தோட்டக்காரர்களின் பொதுவான துக்கம். இங்கிலாந்தில் இந்தச் சிவப்பு மரத்தைத் தொட்டியில் வைத்துக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலோ இது தெருவோர மரம்! அங்கேயும் குளிர்தான், மூடுபனிதான். ஆனால் உறைபனி அபூர்வம்.

இங்கேதான் சித்தப்பாவின் கேள்விக்குப் பாதி பதில். குளிர் வேறு, உறைபனி வேறு. இந்த மரத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. 10 டிகிரியில் வருஷம் பூராவும் நிறுத்தினாலும் கோபித்துக்கொள்ளாது. 0 டிகிரிக்குக் கீழே போகிற சில இரவுகள்தான் அதன் எமன். வளர்ந்த மரம் மைனஸ் 2, 3 டிகிரி வரை ஓரளவு தாங்கும்; இளஞ்செடி 0-வைத் தொட்டவுடனேயே கருக ஆரம்பிக்கும். ஐரோப்பாவின் ஆப்பிள் போன்ற மரங்கள் குளிர்காலத்துக்கு முன்னாலேயே இலையை உதிர்த்து, மொட்டைச் செதில்களால் மூடிக்கொண்டு தூங்கிவிடும். தைலமரத்துக்கு அந்தத் தூக்கம் கிடையாது. பகலில் கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், டிசம்பரிலும் துளிர் விடும். அந்தச் செம்பழுப்புத் துளிர் முழுக்கத் தண்ணீர். ராத்திரி அது உறைந்தால் முதலில் திசுவின் அறைகளுக்கு வெளியே பனிக்கட்டி உண்டாகும். அது உள்ளே இருக்கும் நீரை இழுக்கும், அறை வற்றிச் சுருங்கும், அதன் சவ்வு சிதையும். காலையில் வெயில் வந்ததும் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். "பனி சுட்டுடுச்சு" என்று மலையில் சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மீதிப் பாதி பதில் இடத்தைப் பொறுத்தது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240 மீட்டர். உயரம் ஒரு காரணம்தான். ஆனால் உயரம் மட்டும்தான் காரணம் என்றால் ஊட்டியிலேயே மேட்டில் இருக்கும் வீடுகளில்தான் உறைபனி அதிகம் இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பேப்பரில் ஊட்டி உறைபனிப் படம் வரும் அல்லவா? குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா என்றுதான் இடங்களின் பெயர் வரும். எல்லாம் பள்ளம் அல்லது சமவெளி. காரணம் நாம் படித்த வெப்பக் கதிர்வீச்சு.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப வெப்பத்தைக் கதிராக வெளியே விடுகிறது. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி கணக்குப் போட்டால் 0 டிகிரியில் இருக்கும் புல்தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 315 வாட் வெளியே விடும். மூன்று 100 வாட் பல்பு! வானத்தில் மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை மேகம் திருப்பி அனுப்பும். மேகமே இல்லாத, காற்றும் இல்லாத ராத்திரியில் திரும்பி வருவது குறைவு. வரவு குறைந்து செலவு அதிகமானால் வீட்டில் என்ன ஆகுமோ அதுதான் இலையிலும் ஆகும். இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி குளிர்ந்துவிடும். ஆகவே தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே இலைமேல் பனி உறையலாம்.

தரையைத் தொட்ட காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, கனமானது. அது சும்மா நிற்காது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கும். பள்ளத்தில் ஏரி மாதிரித் தேங்கும். வழியில் மதில் இருந்தால் மதிலுக்கு மேல்பக்கம் கட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஏரி, ஆனால் ஏரிதான். நம்ம ஊர் ஏரிக்கு மதகு எப்படியோ அப்படி இதற்கும் ஒரு வழி வைத்தால் வடிந்துவிடும்.

சித்தப்பா செடி நட்ட இடம் எது தெரியுமா? தோட்டத்தின் கீழ் மூலை. பின்னால் ஆள் உயர மதில். காற்று அடிக்காது, செடிக்குப் பாதுகாப்பு என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இடம். முதலாமாண்டு படிக்கும்போது லேபில் இருப்பது போன்ற சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி அனுப்பினேன். ஒன்று கீழ் மூலையில், இன்னொன்று சரிவின் நடுவில், இரண்டும் முழங்கால் உயரத்தில். ஐந்தாம் வகுப்போடு நின்ற சித்தப்பா 2023 டிசம்பரில் 12 நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து இரண்டையும் பார்த்து நோட்டில் குறித்து, போனில் படம் எடுத்து அனுப்பினார். மேகம் மூடிய நாளில் இரண்டும் ஒன்றுதான். வானம் தெளிந்த நாளில் கீழ் மூலை 3 டிகிரி குறைவு. ஒரு நாள் 4. இடையில் இருந்த தூரம் நாற்பது அடிகூட இல்லை! குன்னூருக்கும் ஊட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே தோட்டத்துக்குள் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப தப்பு என் கையில இல்ல, மதில்ல" என்றார் போனில். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

இன்னொரு விஷயமும் அந்தப் பனிக்காலத்தில் தெளிவானது. நம் ஊரில் கன்று நட்டால் அடியில் காய்ந்த புல், கரும்புச் சோகை போட்டு மூடுவோம். வெயிலில் மண் ஈரம் காக்கும். அதே பழக்கத்தில் சித்தப்பா ஊட்டியிலும் செடியைச் சுற்றிக் காய்ந்த புல்லை அடர்த்தியாகப் பரப்பியிருந்தார். பகலில் மண் வாங்கிய வெப்பம் ராத்திரியில் மெல்ல மேலே வந்துதான் செடியின் அடிப்பாகத்தைக் காப்பாற்றுகிறது. காய்ந்த புல் நல்ல வெப்பக் காப்பு. மண்ணின் சூட்டை மண்ணிலேயே அடைத்துவிடும். புல்லுக்கு மேலே இருக்கிற இலைக்கு ஒன்றும் கிடைக்காது. மண்ணே ஆழமாக உறைந்துபோகும் நாடுகளில் வேரைக் காக்கப் புல் போடுவது நியாயம். ஊட்டியில் மண் அப்படி உறைவதில்லை. ஆகவே நவம்பரில் புல்லை விலக்கி, மண்ணைக் கொத்திக் கிளறாமல், மாலைக்கு முன்பே நனைத்து விடுவது நல்லது. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும், சுலபமாக மேலே அனுப்பவும் செய்யும். கேட்கச் சாதாரணம்தான். ஆனால் நம் ஊர் வழக்கத்தை மலையில் அப்படியே செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, மூடுவது எப்படி? ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் மெக்ஐவர் என்பவர் பொறுப்பில் உருவானது. இன்றும் உறைபனிக் காலத்தில் அங்குள்ள நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் 'கோத்தகிரி மிலார்' என்று சொல்லும் புதர்ச் செடியின் கிளைகளை வைத்து மறைக்கிறார்கள். பார்த்தால் ஏதோ குப்பையைப் போட்டு மூடியிருக்கிற மாதிரி தெரியும். விஷயம் பெரியது. செடிக்கும் திறந்த வானத்துக்கும் நடுவே ஒரு கூரை. வெளியே போகும் கதிர்வீச்சை அது தடுத்துத் திருப்பும், மேகம் செய்யும் வேலையைச் செய்யும். சாக்கும் போதும், பழைய வேட்டியும் போதும். துணி மட்டும் இலையைத் தொடக்கூடாது; தொட்ட இடத்தில் துணியின் குளிர் இலைக்குக் கடத்தல் மூலம் போய்விடும். நாலு குச்சி நட்டு அதன்மேல் போட வேண்டும். ஓரம் தரை வரைக்கும் தொங்க வேண்டும், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். காலையில் பனி இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் மூடியே வைத்தால் உள்ளே வெதுவெதுப்பில் மேலும் துளிர் விடும், அந்தத் துளிருக்கு அடுத்த ராத்திரி ஆபத்து.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் தெர்மல் பாடத்தில் நேராக வரும் கணக்கு. உறைபனிக்கு எதிராக ஸ்பிரிங்ளர் போடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பனி வராமல் இருக்கத் தண்ணீரா என்று தோன்றும். ஒரு கிலோ தண்ணீர் 0 டிகிரியில் பனிக்கட்டியாக மாறும்போது 334 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் இலையை 0-வுக்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்தும். ஆனால் பாதியில் மோட்டாரை நிறுத்தினால் போச்சு. இலைமேல் உள்ள ஈரம் ஆவியாக ஆரம்பிக்கும். ஸ்டீம் டேபிளின் முதல் வரியைப் பாருங்கள்: 0 டிகிரியில் ஆவியாக ஒரு கிலோவுக்கு 2501 கிலோ ஜூல். ஒரு கிராம் ஆவியாவதால் போகும் வெப்பத்தை ஈடுகட்ட ஏழரை கிராம் உறைய வேண்டும்! எனவே ஆரம்பித்தால் காலையில் பனி உருகும் வரை நிறுத்தாமல் விட வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் தெளிக்காமலே இருந்ததைவிட மோசம். மூன்று செடிக்காக இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. சாக்கே மேல்.

இப்போது, கருகிப் போன செடியின் கதை. 2023 ஜனவரியில் நாலு செடியும் கருத்ததும் "செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு" என்று உத்தரவு வந்தது. சித்தப்பா மூன்றைப் பிடுங்கினார். நாலாவது ஒரு டேலியாப் புதருக்குப் பின்னால் மறைந்திருந்ததால் தப்பித்தது. மே மாதம் நான் போனபோது அந்தக் கருத்த குச்சியின் அடியில், மண் மட்டத்தில், இரண்டு செந்துளிர்! தைலமர ஜாதிகள் பலவற்றுக்குத் தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு கட்டி இருக்கும். கிழங்கு மாதிரி இருந்தாலும் அது மரம்தான். அதற்குள் தூங்கும் மொட்டுகள் உண்டு. ஆஸ்திரேலியக் காட்டில் தீ வந்து மேலே எல்லாம் எரிந்தாலும் இந்தக் கட்டியிலிருந்து மறுபடி கிளம்பும். தீக்காகத் தயாரான ஏற்பாடு பனிக்கும் உதவுகிறது. எங்கள் கெடாரில் வெட்டிய தைலமரம் துளிர்க்கிறதே, அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு. ஆகவே மலையில் கன்று வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: கருத்த செடியை ஜனவரியில் பிடுங்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். மே மாதம் வரை விடுங்கள். நகத்தால் அடித்தண்டைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிடுங்கிப் போட்ட அந்த மூன்றிலும் பச்சை இருந்ததோ என்னவோ. சம்பளத்தில் பிடித்த காசு மட்டும் திரும்பி வரவில்லை.

2024 ஏப்ரலில் புதிதாக மூன்று செடிகள் நட்டோம். இந்த முறை சரிவின் நடுவில். கீழ் மதிலின் அடியில் இரண்டு இடத்தில் கல்லை எடுத்துக் குளிர்க் காற்று வடிய வழிவிட முதலாளியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. 12 நாள் நோட்டைக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டார். ஏப்ரலில் நட்டதற்குக் காரணம் உண்டு. உறைபனி முடிந்து, கோடை மழை ஆரம்பிக்கும் நேரம். அடுத்த பனி வருவதற்குள் ஏழெட்டு மாதம் கிடைக்கும், அடித்தண்டு விரல் தடிப்பு ஆகிவிடும். பெரிய செடி வாங்கினால் சீக்கிரம் மரமாகும் என்று நினைப்பது இயற்கை. தைலமரத்தில் அது சரிப்படாது. பையிலேயே ரொம்ப நாள் இருந்தால் வேர் சுருண்டுவிடும், பின்னால் காற்றில் சாயும். ஒரு சாண் செடிதான் சிறந்தது. குழி எடுக்கும்போது தண்ணீர் நிற்காத மாதிரி மண்ணைச் சற்று மேடாக்கினோம். எரு அதிகம் போடவில்லை. ஏழை மண்ணில் பிறந்த மரத்துக்கு விருந்து ஒத்துக்கொள்ளாது. ஆகஸ்ட் முடிந்ததும் யூரியா அறவே கிடையாது. அதற்குப் பிறகு உரம் போட்டால் நவம்பரில் தளதளவென்று துளிர் விட்டுப் பனிக்குச் சாப்பாடு வைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பனிக்காலம் தாண்டிவிட்டது. முதல் பனியில் ஒரு செடியின் நுனி மட்டும் கருகியது. இரண்டாவது பனியில் ஒன்றுமில்லை. உயரமானது என் தோளுக்கு வருகிறது என்று சித்தப்பா சொல்கிறார். செடி உயர உயரத் தரையை ஒட்டிய கடுங்குளிர் அடுக்கைவிட்டு மேலே வந்துவிடும், பட்டையும் தடிக்கும். ஆக இந்த மரத்துக்கு நாம் காவல் இருக்க வேண்டியது முதல் மூன்று, நான்கு பனிக்காலங்களின் தெளிந்த ராத்திரிகளில் மட்டும்தான். கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு இருபது முப்பது ராத்திரிகள் வருமா?

கெடாரில் இதை வளர்க்க முடியுமா என்று என் நண்பர்கள் கேட்டார்கள். நம் ஊரில் உறைபனி ஏது, தாராளமாக வளரலாமே என்று தோன்றும். வளராது என்றுதான் நினைக்கிறேன். இதற்கு வேண்டியது வறண்ட கோடையும் வடிகிற மண்ணும். புழுக்கத்தில் இதற்குப் பூஞ்சாண நோய் வருகிறது. ஆஸ்திரேலியாவிலேயே கோடை மழை பெய்யும் கிழக்குக் கரையில் இது தடுமாறுகிறது. அதோடு நம் வடகிழக்குப் பருவமழை! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியதை நாம் மறக்க முடியுமா? அந்தத் தண்ணீரில் மணல் நிலத்து வேர் என்ன ஆகும்? வெப்பநாட்டுக்காக ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வடக்கே வெப்பமண்டலத்தில் சதுப்போரம் வளரும் இன்னொரு கோரிம்பியாவோடு இதைக் கலந்து உண்டாக்கிய ஒட்டு மரங்கள் உண்டு. குட்டையாக இருக்கும், புழுக்கத்தையும் தாங்கும். ஆனால் உறைபனி என்றால் அவை இன்னும் மென்மை. பள்ளத்தாக்கு பங்களாவுக்கு ஆகாது, நமக்கு ஆகலாம்.

மலையில் தைலமரம் நடுவதே தப்பு என்று சிலர் சொல்வதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. நீலகிரிக்குத் தைலமரம் வந்தது 1843-ல், கேப்டன் காட்டன் என்பவர் மூலமாக. பிறகு விறகுக்காக ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். புல்வெளியும் சோலையும் இருந்த இடத்தில் தைலமரமும் சீகையும் நின்றன. ஓடைகளில் தண்ணீர் குறைந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. தோப்பு வேறு, வீட்டுத் தோட்டத்தில் மூன்று பூ மரம் வேறு என்பது என் கருத்து. ஆனால் காட்டு ஓரத்தில், புல்வெளியில், ஓடைக் கரையில் இதையும் நடக்கூடாது. பங்களா வேலிக்குள் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சிக்கல். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்த மலரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். நாங்கள் நட்ட மூன்றும் விதைக் கன்றுகள். இம்மரத்தின் விதை தாயைப் போலவே வரும் என்று உறுதி கிடையாது. சிவப்பு மரத்து விதையிலிருந்து ஆரஞ்சும் வரலாம், இளஞ்சிவப்பும் வரலாம், வெறும் வெள்ளையும் வரலாம். சிவப்பே வேண்டும் என்றால் சிவப்பு மரத்துக் கிளையை எடுத்து வேறு கோரிம்பியாக் கன்றில் ஒட்டுக் கட்ட வேண்டும். விதைக் கன்று முதல் பூ பூக்க நட்டதிலிருந்து ஐந்து வருடமாவது ஆகும், சிலது அதற்கு மேலும் எடுக்கும். இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ பூவின் நிறத்தை யாராலும் சொல்ல முடியாது. மொட்டின் குல்லாய் கழன்று விழுகிற அன்றைக்குத்தான் தெரியும்.